கேட்டவர் யார்? – கன்பூசியஸ் உரைத்தொகுப்பை வாசிக்கும் முறை



நீதிமொழிகளைத் தொகுத்து வைக்காத சமூகம் அநேகமாக இல்லை. தொகுத்து வைத்ததை எப்படி வாசிப்பது என்பதில்தான் சிக்கல். அந்தச் சிக்கலைப் பேசுவதற்குக் கன்பூசிய மரபின் மூலநூலான ‘லுன்யூ’வை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்றைய ஷான்தோங் மாகாணத்தில் அன்றிருந்த லூ நாட்டில் கி.மு. 551-இல் பிறந்து கி.மு. 479-இல் மறைந்த கன்பூசியஸ் என்ற ஆசிரியரின் பேச்சுகளும், அவருடைய மாணவர்களின் பேச்சுகளும் அதில் இருக்கின்றன. இருபது அத்தியாயங்கள், ஏறத்தாழ ஐந்நூறு சிறு பகுதிகள். நூல் அளவில் சிறியது.

பதினோராம் அத்தியாயத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஸிலூ என்ற மாணவர், நல்லதொன்றைக் கேட்டறிந்தால் உடனே அதைச் செய்துவிடலாமா என்று ஆசிரியரிடம் கேட்கிறார். தந்தையும் தமையனும் இருக்கும்போது அவர்களைக் கலக்காமல் எப்படிச் செய்வாய் என்று ஆசிரியர் தடுத்துவிடுகிறார். அடுத்து ரான் யோ என்ற மாணவர் வந்து அதே கேள்வியைக் கேட்கிறார். உடனே செய்யும்படி அவருக்குச் சொல்கிறார் ஆசிரியர். இரண்டையும் கேட்ட மூன்றாவது மாணவர் கோங்ஷி ஹுவாவுக்குத் தலை சுற்றுகிறது. ஒரே கேள்விக்கு இரண்டு விடை எப்படி என்று அவர் கேட்க, ஆசிரியர் காரணம் சொல்கிறார்: ரான் யோ எதற்கும் பின்வாங்குகிறவர், அவரைத் தள்ளிவிட வேண்டியிருந்தது, ஸிலூ இரண்டு ஆளின் வேகத்தில் பாய்கிறவர், அவரைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

கோங்ஷி ஹுவா அன்று அங்கே இல்லையென்றால் நம் கைக்கு என்ன வந்திருக்கும்? ஒன்றுக்கொன்று முரணான இரண்டு நீதிமொழிகள் வந்திருக்கும். ஒரு பிரிவு முதலாவதைப் பிடித்துக்கொண்டு பெரியோருக்கு அடங்கி நட என்று போதித்திருக்கும்; மற்றொன்று இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு துணிந்து செயல்படு என்றிருக்கும். இரண்டு பிரிவுகளுக்கும் ஆசிரியரின் வாக்கே ஆதாரமாக இருந்திருக்கும். இந்த நூலில் ஒரு சொல் யாரிடம் சொல்லப்பட்டது என்பது அந்தச் சொல்லின் பொருளில் ஒரு பாதி. அந்தப் பாதியை எவ்வளவு காலம் காப்பாற்றினார்கள், எப்போதெல்லாம் தொலைத்தார்கள் என்பதே என் உரையின் பொருள்.

கச்சையில் எழுதியது

தொகுப்பு எப்படி உருவானது? பதினைந்தாம் அத்தியாயம் ஒரு தடயம் தருகிறது. ஸிஜாங் என்ற இளம் மாணவர் நடத்தை பற்றிக் கேட்கிறார். விடை கிடைத்ததும், மறந்துவிடக் கூடாது என்று தன் இடைக்கச்சையின் தொங்கலிலேயே எழுதிக்கொள்கிறார். கேட்டவர் தன் உடம்பில் சுமந்துபோன குறிப்பு அது. மாணவர்கள் ஆளுக்கொரு குறிப்பு வைத்திருந்தார்கள், ஆசிரியர் மறைந்தபின் அவற்றைக் கூடித் தொகுத்தார்கள் என்று ஹான் வம்ச வரலாறு எழுதிய பான் கூ (கி.பி. 32–92) சொல்கிறார். தாங் காலத்து எழுத்தாளர் லியூ ஸோங்யுவான் (773–819) இதை ஒப்புக்கொள்ளவில்லை. மாணவர்களில் மிக இளையவர்களில் ஒருவரான ஸெங், தன் மரணப் படுக்கையில் பேசியதும் நூலில் இருக்கிறது. அவருக்கு ‘ஆசிரியர்’ என்ற பட்டமும் நூலில் தரப்படுகிறது. ஆகவே ஸெங்கின் மாணவர்களே நூலைக் கட்டியிருக்க வேண்டும் என்று லியூ வாதிட்டார். பல கைகள், பல தலைமுறைகள் என்பதே இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து. இறுதி வடிவம் ஹான் காலம் வரை நீண்டது என்பாரும் உண்டு.

ஹான் காலத்தில் மூன்று பாடங்கள் வழங்கின. லூ நாட்டுப் பாடத்தில் 20 அத்தியாயங்கள். சீ நாட்டுப் பாடத்தில் 22. கன்பூசியஸ் வீட்டுச் சுவருக்குள் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட பழைய எழுத்துப் பாடத்தில் 21. கி.மு. முதல் நூற்றாண்டில் அரசகுரு ஜாங் யூ முதலிரண்டையும் ஒப்பிட்டு ஒரு பாடத்தை அமைத்தார். நாம் இன்று படிப்பது அந்த வழியில் வந்தது.

நம் காலத்து அகழாய்வுகள் இந்தக் கதைக்கு எலும்பும் சதையும் தந்தன. 1973-இல் ஹபெய் மாகாணத்துத் திங்ஜோவில், கி.மு. 55-இல் இறந்த சிற்றரசர் ஒருவரின் கல்லறையில் லுன்யூவின் மூங்கில் சுவடி கிடைத்தது. பெயர்த்தெழுதும் வேலை முடிவதற்குள் 1976-ஆம் ஆண்டுத் தாங்ஷான் பூகம்பம் அதைக் குலைத்துப் போட்டது. எஞ்சியது 1997-இல் அச்சேறியது. பியோங்யாங்கில் ஒரு கல்லறையில் பதினோராம், பன்னிரண்டாம் அத்தியாயங்களின் சுவடிகள் கிடைத்தன. உடன் இருந்த மக்கள்தொகைக் கணக்கின் ஆண்டு கி.மு. 45. நான்சாங் அருகே 2011-இல் கண்டறியப்பட்ட கல்லறை லியூ ஹ என்பவருடையது. கி.மு. 74-இல் 27 நாள் பேரரசராக இருந்து, 1,127 குற்றங்கள் சாட்டப்பட்டு அரியணையிலிருந்து இறக்கப்பட்டவர் அவர், கி.மு. 59-இல் இறந்தார். காணாமற்போன சீ பாடத்துக்கே உரிய ஓர் அத்தியாயத்தின் பகுதி அவருடைய சுவடிகளில் வெளிப்பட்டது. பதினைந்து ஆண்டு இடைவெளிக்குள், ஒன்றுக்கொன்று மிகத் தொலைவான மூன்று ஊர்களில், இறந்தவரோடு புதைக்கும் அளவுக்கு இந்நூல் மதிக்கப்பட்டிருக்கிறது. நீதிநூல் வைத்திருப்பதும் நீதியாக நடப்பதும் வேறு வேறு என்பதற்கும் லியூ ஹ-வின் கல்லறையே சாட்சி.

திருக்குறளில் பழகிய நமக்கு இந்நூல் முதலில் ஏமாற்றம் தரக்கூடும். அதிகாரப் பகுப்பு கிடையாது. பெற்றோரைப் பேணுதல், நட்பு, அரசு என்று பொருள்வாரியாகத் தேட முடியாது. அத்தியாயத்தின் முதல் சில எழுத்துகளே அதன் பெயர். குறளில் கேட்பவர் இல்லை. யாரும் தன்னிடம் சொல்லப்பட்டதாக எடுத்துக்கொள்ளலாம். லுன்யூவில் கேட்பவரின் பெயர் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு வாசிப்பைக் கோருகின்றன.

ஒரே கேள்வி, நான்கு விடை

இரண்டாம் அத்தியாயத்தில் பெற்றோரைப் பேணுவது பற்றி நான்கு பேர் அடுத்தடுத்துக் கேட்கிறார்கள். முதல்வர் மெங் யீஸி, லூ நாட்டின் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த மூன்று குடும்பங்களில் ஒன்றின் தலைவர். மீறாதிருத்தல் என்று மட்டும் அவருக்குச் சொல்லி நிறுத்திவிடுகிறார் ஆசிரியர். எதை மீறக் கூடாது? பின்னர்த் தேரோட்டிவந்த ஃபான் சி என்ற மாணவரிடம் விளக்குகிறார்: பெற்றோர் வாழும்போது பணிவிடையிலும், இறந்தால் அடக்கத்திலும், பின்னர்ப் படையலிலும் முறையை மீறாதிருத்தல். அந்த மூன்று குடும்பங்களும் அரசருக்கே உரிய சடங்குகளைத் தங்கள் முற்றங்களில் நடத்திக்கொண்டிருந்தவை. அதைக் கண்டித்து மூன்றாம் அத்தியாயமே தொடங்குகிறது. ஆகவே அந்த விடை பிள்ளைகளுக்குச் சொன்ன பொது அறிவுரையாகத் தோன்றினாலும், உள்ளே இருப்பது அதிகாரத்தில் இருந்தவருக்கு விடுத்த எச்சரிக்கை. யார் கேட்டார் என்பதை அழித்துவிட்டால், பெற்றோர் சொல்லைத் தட்டாதே என்ற தட்டையான வாசகம்தான் மிஞ்சும்.

இரண்டாமவர் அதே யீஸியின் மகன். பெற்றோர் உன் நோய்க்காக மட்டும் கவலைப்படும்படி நடந்துகொள் என்ற பொருளில் அவருக்கு விடை. மூன்றாமவர் ஸியோ. சோறு போடுவதைப் பேணுதல் என்கிறார்கள், நாய்க்கும் குதிரைக்கும்கூடத் தீனி வைக்கிறோம், மதிப்பு இல்லாவிட்டால் என்ன வித்தியாசம் என்று அவரிடம் கேட்கப்படுகிறது. நான்காமவர் ஸிஷியா, வேலையைச் செய்துவிடலாம், உணவையும் தந்துவிடலாம், முகத்தை இனிமையாக வைத்திருப்பதுதான் கடினம் என்று அவருக்கு. செல்வக் குடும்பத்து மகனுக்கு ஒன்று, கடமையைச் சரியாகச் செய்துவிட்டு முகம் சுளிக்கக்கூடிய படிப்பாளிக்கு ஒன்று.

தேரோட்டிய ஃபான் சியைக் கவனியுங்கள். மனிதத்தன்மை என்றால் என்ன என்று அவர் நூலில் மூன்று இடங்களில் கேட்கிறார். மூன்று விடையும் வேறு. ஒருமுறை கடினமானதை முதலில் செய்து பலனைப் பின்னுக்கு வைப்பது. ஒருமுறை மனிதரை நேசிப்பது. ஒருமுறை வீட்டில் அடக்கம், வேலையில் கவனம், பிறரிடம் உண்மை. நேசிப்பது பற்றிய விடையை ஒட்டி வந்த பேச்சு அவருக்குப் புரியவில்லை. வெளியே போய் ஸிஷியாவிடம் விளக்கம் கேட்கிறார். புரியவில்லை என்பதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். வேறு நீதிநூல் தொகுப்பாளர் யாராயினும் அதை வெட்டியிருப்பார்.

மறுத்தவர்களும் தவறியவர்களும்

தொகுத்தவர்கள் ஆசிரியருக்குப் பெருமை சேர்ப்பதை மட்டும் குறிக்கோளாக வைத்திருந்தால் ஸாய் வோவை விட்டுவைத்திருக்க மாட்டார்கள். பெற்றோர் இறந்தால் மூன்றாண்டு துக்கம் காப்பது அதிகம், ஓராண்டு போதும் என்று அவர் நேரடியாக வாதிடுகிறார். அப்படிச் செய்ய உன் மனம் ஒப்பினால் செய் என்கிறார் ஆசிரியர். அவர் எழுந்து போனபின், பிள்ளையாகப் பிறந்து மூன்றாண்டு பெற்றோர் மடியில் கிடந்ததை மறந்துவிட்டானே என்று வருந்துகிறார். வாதம் இருபக்கமும் பதிவாகியிருக்கிறது. அவப்பெயர் கொண்ட அரசியார் நான்ஸியை ஆசிரியர் சந்தித்தபோது ஸிலூ முகம் கறுத்ததும், ஆசிரியர் தான் தவறு செய்யவில்லை என்று வானத்தின் மேல் ஆணையிட்டதும் ஆறாம் அத்தியாயத்தில் அப்படியே உள்ளன.

விடைகள் பலித்தனவா என்பதையும் நூலும் வரலாறும் மறைக்கவில்லை. தள்ளிவிடப்பட்ட ரான் யோ, அந்த மூன்று குடும்பங்களில் ஒன்றான ஜீ குடும்பத்துக்கு அதிகாரியாகி மக்களிடம் வரி பிழிந்து கொடுத்தார். இவர் இனி என் மாணவர் அல்லர், முரசறைந்து இவரைத் தாக்குங்கள் என்று மற்ற மாணவர்களிடம் சொல்லும் அளவுக்கு ஆசிரியர் சினந்தார். பிடித்து நிறுத்தப்பட்ட ஸிலூ, கி.மு. 480-இல் வெய் நாட்டுக் கலவரத்துக்குள் தானாக நுழைந்து கொல்லப்பட்டார். ஆளறிந்து சொன்ன அறிவுரையும் ஆளை மாற்றிவிடும் என்ற உறுதி கிடையாது. நீதி போதிக்கிற எவரும் கேட்க விரும்பாத உண்மை இது.

பத்தொன்பதாம் அத்தியாயம் முழுவதும் மாணவர்களின் பேச்சு. அங்கே ஸிஷியாவின் மாணவர் சிலர் ஸிஜாங்கிடம் நட்பு பற்றிக் கேட்கிறார்கள். தகுந்தவரோடு சேர், தகாதவரை விலக்கு என்று தங்கள் ஆசிரியர் சொன்னதாகக் கூறுகிறார்கள். நான் கேட்டது வேறு, எல்லோரையும் ஏற்க வேண்டும் என்று ஸிஜாங் மறுக்கிறார். ஒரே ஆசிரியரின் இரண்டு மாணவர்கள், இரண்டு எதிர்க்கொள்கைகள். ஹான் அறிஞர் சாய் யோங் இதற்கு நுட்பமான விளக்கம் தந்தார்: ஸிஷியா இளகிய மனத்தவர், ஆகவே விலக்கக் கற்றுக்கொள் என்று அவருக்குச் சொல்லப்பட்டது, ஸிஜாங் இறுக்கமானவர், ஆகவே ஏற்கக் கற்றுக்கொள் என்று அவருக்கு. இருவரும் தங்களுக்குச் சொன்ன விடையை உலகுக்குச் சொன்ன சட்டமாக்கிவிட்டார்கள். அதாவது, கேட்டவரை மறக்கும் பழக்கம் முதல் தலைமுறையிலேயே தொடங்கிவிட்டது.

கேட்டவர் மறைந்த கதை

அதே சாய் யோங், பாடபேதங்களைத் தீர்க்க மூலநூல்களைக் கல்லில் வெட்டும்படி அரசரிடம் விண்ணப்பித்தவர்களில் ஒருவர். 175 முதல் 183 வரை லோயாங் கல்விச்சாலையில் லுன்யூ உள்ளிட்ட நூல்கள் கல்லேறின. பேச்சாக இருந்தது கல்வெட்டானது. சிறுவர்கள் படியெடுத்துப் படிக்கும் பாடமும் ஆனது. துர்ஃபான் பாலைவனத்து அஸ்தானா கல்லறைகளில் 1969-இல் கிடைத்த ஒரு பிரதியை 710-இல் எழுதியவன் பூ தியான்ஷோ என்ற பன்னிரண்டு வயது மாணவன். லுன்யூவுக்கு ஜெங் ஷுவான் என்ற அறிஞர் எழுதி மறைந்துபோன உரையின் ஒரு பகுதி இந்தப் பையனால் நமக்குத் திரும்பக் கிடைத்தது. பாடத்தை எழுதி முடித்தபின், நாளை விடுமுறை, சீக்கிரம் விட்டுவிடுங்கள் ஐயா என்ற கருத்தில் அவன் சொந்தமாகச் செய்யுளும் கிறுக்கியிருக்கிறான்.

பாடச் சுமை பெரிதானது அரசுத் தேர்வுமுறையால். ஜூ ஷி (1130–1200) லுன்யூவையும் வேறு மூன்று நூல்களையும் ‘நான்கு நூல்கள்’ என்று கட்டி உரை எழுதினார். 1313-ஆம் ஆண்டு ஆணையின்படி அரசுப் பணித் தேர்வுக்கு அவை அடிப்படையாயின. தேர்வுமுறை ஒழிக்கப்பட்ட 1905 வரை அந்த நிலை நீடித்தது. மிங், சிங் காலத் தேர்வுக் கட்டுரைகளில் மாணவர் தன் குரலில் எழுதக் கூடாது. முனிவரின் வாயாக நின்று அவர் பேசுவதுபோல எழுத வேண்டும். கொடுக்கப்படும் தலைப்பு மூலநூலின் ஒரு வரி, சில சமயம் வரியின் ஒரு துண்டு. எல்லோரும் எல்லா வரிகளுக்கும் கட்டுரையை உருப்போட்டு வந்ததால், தேர்வாளர்கள் ஒரு பகுதியின் வாலை அடுத்த பகுதியின் தலையோடு ஒட்டித் தலைப்பாகத் தரத் தொடங்கினார்கள். கேட்டவர் மட்டுமல்ல, கேள்வியே காணாமற்போன இடம் அது.

மக்களுக்கான வாசகங்கள் இன்னொரு வழியில் வந்தன. காங்ஷி பேரரசர் 1670-இல் 16 அறவாசகங்களை வெளியிட்டார். ஒவ்வொன்றும் ஏழே எழுத்து. அவர் மகன் 1724-இல் அவற்றைப் பதினாயிரம் எழுத்தாக விரித்தார். மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் ஊர்கூட்டி அவற்றைப் படித்துக்காட்ட வேண்டும். 1393-ஆம் ஆண்டு முன்னுரை கொண்ட ‘மிங்ஷின் பாவ்ஜியான்’ பல மரபுகளின் மொழிகளைப் பொருள்வாரியாக அடுக்கிய தொகுப்பு. கொரியாவிலும் வியட்நாமிலும் சிறுவர் பாடமானது. மணிலாவில் இருந்த பாதிரியார் ஹுவான் கோபோ அதை ஸ்பானிய மொழியில் பெயர்த்தார். 1595-இல் ஸ்பெயின் அரசகுடும்பத்துக்கு அளிக்கப்பட்ட அந்தக் கைப்பிரதி மாட்ரிட் தேசிய நூலகத்தில் இருக்கிறது. பொருள்வாரியாக அடுக்கியதால்தான் அது எளிதாகக் கடல் தாண்டியது. கேட்டவர்களை ஏற்றிச் செல்ல அதற்கு அவசியமில்லை.

எதிர்த்திசையில் உழைத்தவர்களும் இருந்தார்கள். ஜூ ஷியின் உரையாடல்களை லி ஜிங்த 1270-இல் 140 பாகங்களாக வெளியிட்டபோது, ஒவ்வொரு பதிவின் முடிவிலும் அதைக் குறித்துவைத்த மாணவரின் பெயர் இடம்பெற்றது. இன்னும் கூர்மையானவர் வாங் யாங்மிங் (1472–1529). தன் பேச்சை மாணவர்கள் எழுதிவைப்பதை அறிந்து அவர் கடிந்துகொண்டதாக, அவர் மாணவர் ஷூ ஆய் முன்னுரையில் சொல்கிறார். நோயாளியைப் பார்த்து மருந்தைக் கூட்டியும் குறைத்தும் தருவது வைத்தியன் வேலை. ஒரே சீட்டைப் பிடித்துக்கொண்டால் அது கொல்லும் என்பது யாங்மிங்கின் வாதம். ஷூ ஆய் அதைக் கேட்டுக்கொண்டார். பிறகு அந்தக் கண்டிப்பையும் சேர்த்தே எழுதிவைத்தார்.

இருபதாம் நூற்றாண்டில் கண்டனமும் பாராட்டும் ஒரே முறையைக் கையாண்டன. கன்பூசியஸ் எதிர்ப்பு இயக்கம் உச்சத்தில் இருந்த 1974-இல், பீக்கிங் பல்கலைக்கழக மெய்யியல் துறை மாணவர்கள் பகுதிக்குப் பகுதி கண்டன உரை எழுதி லுன்யூவை வெளியிட்டார்கள். 2006-இல் பேராசிரியர் யூ தான் சீன மத்தியத் தொலைக்காட்சியில் அதே நூலை மன அமைதிக்கான வழிகாட்டியாக விளக்கினார்; அந்த விளக்கம் நூலாகி லட்சக்கணக்கில் விற்றது. ஒருவருக்கு அது அடிமைச் சமூகத்தின் சட்டம், இன்னொருவருக்கு நிம்மதிக்கான குறிப்பு. இரண்டிலும் ஸிலூவும் ஃபான் சியும் பின்னால் போய்விட்டார்கள்.

இரண்டு மறுப்புகள்

என் வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, லுன்யூவில் ஆசிரியர் சொன்னார் என்று மட்டும் தொடங்கும் பகுதிகள் ஏராளம். அங்கே கேட்டவரை எங்கே தேடுவது? தேடப்போனவர்கள் சில சமயம் கற்பனை செய்தார்கள். மனிதத்தன்மை பற்றிக் கேட்ட சிமா நியூவுக்கு, பேச்சில் தயக்கம் வேண்டும் என்பது விடை. சிமா நியூ வாயாடி, பொறுமையற்றவர் என்கிறார் வரலாற்றாசிரியர் சிமா சியென். அது அவருக்குத் தனியே தெரிந்த செய்தியா, விடையிலிருந்து பின்னோக்கி ஊகித்ததா? ஊகமாக இருந்தால் நாம் வட்டத்தில் சுற்றுகிறோம்: விடையிலிருந்து ஆளைப் படைத்து, அந்த ஆளைக்கொண்டு விடையை விளக்குகிறோம்.

இரண்டாவது மறுப்பு அறம் சார்ந்தது. எல்லாச் சொல்லும் யாரோ ஒருவருக்குச் சொன்னதென்றால், அது அவனுக்குச் சொன்னது, எனக்கில்லை என்று எவரும் நழுவிவிடலாம்.

முதல் மறுப்பை ஏற்கிறேன். கேட்டவர் பெயர் இல்லாத இடத்தில் பெயரைப் படைக்க வேண்டியதில்லை. இது உரையாடலின் ஒரு பக்கம் என்ற எச்சரிக்கையோடு வாசித்தால் போதும். இரண்டாவதற்கு ரான் யோவே விடை. உங்கள் வழி எனக்குப் பிடிக்காமலில்லை, என் வலு போதவில்லை என்று அவர் ஆசிரியரிடம் சொன்னார். வலு போதாதவர் பாதி வழியில் விழுவார், நீயோ புறப்படும் முன்பே கோடு போட்டுக்கொள்கிறாய் என்பது ஆசிரியரின் மறுமொழி. நழுவுவதற்கான காரணத்தை ஒவ்வொருவரும் தன் சுபாவத்திலிருந்தே எடுக்கிறார்கள். அந்தச் சுபாவத்தை நோக்கித்தான் விடைகள் வீசப்படுகின்றன. இவர்களில் நான் யார் என்று கேட்டுப் பார்க்கிறவருக்கு நழுவ இடம் குறைவு.

யாருடைய இடத்தில் நிற்பது?

இந்நூலிலிருந்து உலகம் மிகுதியாக எடுத்துக்கொண்ட கருத்து, தனக்கு வேண்டாததைப் பிறருக்குச் செய்யாதிருத்தல். 1993-இல் சிகாகோவில் உலகச் சமயங்களின் பேரவை முன்வைத்த பொது அறப் பிரகடனத்திலும் இதே கருத்து இருக்கிறது. லுன்யூவில் இது மூன்று இடங்களில் தலைகாட்டுகிறது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஜோங்கோங்குக்கு விடையாக வருகிறது. நாடாளும் தகுதி உள்ளவர் என்று ஆசிரியர் மதித்த மாணவர் அவர். ஆகவே மக்களை வேலை வாங்கும்போது காட்ட வேண்டிய பயபக்தியோடு சேர்த்து அவருக்குச் சொல்லப்படுகிறது. பதினைந்தாம் அத்தியாயத்தில், வாழ்நாள் முழுதும் பின்பற்ற ஒரு சொல் உண்டா என்று கேட்ட ஸிகோங்குக்கு வருகிறது. சொல்வன்மையும் செல்வமும் உடைய இந்த ஸிகோங், பிறரை எடைபோடுவதில் விருப்பமுள்ளவர். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை என்று ஆசிரியர் அவரைக் குத்தியதும் நூலில் உண்டு. மூன்றாவது இடம் ஐந்தாம் அத்தியாயம். பிறர் எனக்குச் செய்ய வேண்டாததை நானும் பிறருக்குச் செய்ய விரும்பவில்லை என்று ஸிகோங்கே சொல்லிக்கொள்கிறார். அது உனக்கு எட்டக்கூடியது அல்ல என்று ஆசிரியர் ஒரே அடியில் நிறுத்துகிறார்.

எது முன், எது பின் என்று நூல் சொல்வதில்லை. விதியையும், அந்த விதி தனக்குக் கைவந்துவிட்டதாக நினைத்தவரின் சறுக்கலையும் ஒரே நூலுக்குள் வைத்துவிட்டார்கள். விதியை மட்டும் எடுத்துக்கொண்ட நாம் ஸிகோங்கின் அந்த நம்பிக்கையோடுதான் அதை மேற்கோள் காட்டுகிறோம்.

நீதிமொழியை எடுத்தாளுகிறவர் நிற்பதற்கு இரண்டு இடங்கள் உண்டு. தேர்வுக் கூடத்தில் உட்கார்ந்தவர்கள் பல நூற்றாண்டு முனிவரின் இடத்தில் நின்று எழுதினார்கள்; அரசாணை படித்துக்காட்டியவர்களும் அங்கேதான் நின்றார்கள். லுன்யூவைத் தொகுத்தவர்கள் தங்கள் ஆசிரியர்களைக் கேட்டவர்களின் வரிசையில் நிறுத்தினார்கள்: புரியாதவராக, மறுப்பவராக, கடிந்துகொள்ளப்பட்டவராக, பெயரோடு. இனி இந்நூலிலிருந்து ஒரு வாசகத்தைப் பள்ளிச் சுவரிலோ மேடையிலோ எடுத்தாளுகிறவர்கள், அதைக் கேட்டவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும். சொன்னவரின் இடத்தில் போய் நின்றுகொள்ளும் ஆசை அதனால் கொஞ்சமாவது அடங்கும்.